'எத்தனை பேர்' டாக்டர்

கேள்வி கேட்டே நோயாளியைப் பிழைக்க வைக்கும் டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஓசூரில், எங்கள் ஃபேக்டரிக்குப் போகிற வழியில் கிளினிக் வைத்திருக்கிறார். போர்டில் என்ன பெயர் இருந்தாலும் ஊருக்கு அவர் 'எத்தனை பேர்' டாக்டர்.

மருந்து கம்பெனிக்காரர் புது மாத்திரையோடு வந்து, "பெரிய புரொபசரே எழுதறார் சார்" என்பார்.

"எத்தனை பேருக்குக் குடுத்துப் பார்த்தாங்க? குடுக்காதவங்க என்ன ஆனாங்க?"

கன்னடக்காரர் என்றால் "எஷ்டு ஜன?", தெலுங்குக்காரர் என்றால் "எந்த மந்தி?" என்று அவரவர் பாஷையில் அதே கேள்விதான். பக்கத்து வீட்டம்மாவுக்குக் கஷாயத்தில் மூட்டுவலி போனதாகச் சொன்ன பாவத்துக்கு, குருபரப்பள்ளிக்காரர் ஒருவர் அரைமணி நேரம் விசாரணையில் மாட்டிக்கொண்டார்.

ஃபேக்டரியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் எனக்கு இடுப்பு பிடித்து வலி காலுக்கு இறங்கியது. ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. பெங்களூர் ஸ்பெஷலிஸ்ட் வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார். நான் கான்ட்ராக்ட் ஆள். முதுகை அறுத்தவனை மறுபடி பிரஸ்ஸில் நிறுத்த மாட்டார்கள், வேலை போய்விடும். ஆனாலும் தலையாட்டிவிட்டேன். அளவு தப்பின பீஸை ரிஜெக்ட் என்று கழற்றி எறிந்தே பழகிய கை இது.

புதன்கிழமை 'எத்தனை பேர்' டாக்டரிடம் போனேன். "ரிப்போர்ட்டே ரிஜெக்ட்னு சொல்லுதுங்களே டாக்டர்" என்றேன்.

"உன் ஷிப்டுல வலியே இல்லாதவனைப் புடிச்சு ஸ்கேன் எடுத்தாலும் நெறைய பேருக்கு இப்படித்தாம்ப்பா பிதுங்கியிருக்கும். அவனுங்களையும் அறுக்கலாமா?"

காலைத் தூக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். பிறகு அந்த ஸ்பெஷலிஸ்டுக்கே ஸ்பீக்கரில் போன் போட்டார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"சார், கால்ல பலம் குறையல. ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் இல்ல. இந்த மாதிரி ஆளுங்க ஆபரேஷன் இல்லாமலே எத்தனை பேர் தேறுறாங்க?"

"முக்கால்வாசி தேறிடுவாங்க. ஆறு வாரம் பார்க்கலாம். கால் பலம் குறைஞ்சா உடனே அனுப்புங்க" என்றார் ஸ்பெஷலிஸ்ட். அவ்வளவு பெரிய மனிதரிடம் அப்படிக் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

இரண்டு மாதத்தில் பிரஸ்ஸுக்குத் திரும்பினேன். மாம்பழக் கூடையோடு போய், "நீங்கதான் காப்பாத்தினீங்க" என்றேன்.

"நீ ஒருத்தன் தேறினா அது ஆதாரமா? நான் இல்லாட்டியும் தேறியிருப்பே." மாம்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் மாதாமாதம் போன் செய்வார். "வலி திரும்ப வந்துச்சா? மறைக்காம சொல்லு." தன் முடிவு தப்பாகிவிட்டதா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறாராம். இந்த மாதம் அவர் போன் வர நான்கு நாள் தாமதமாகிவிட்டது. பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டு, "உங்களுக்கு உடம்பு நல்லா இருக்குங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.