கோப்பு சாரும் துபாய் டிரையரும்

உலகத்தில் எந்த இயந்திரமும் தானாகக் கெட்டுப்போவதில்லை. கோப்பு சார் வந்து நின்று, "எங்க, பாக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் கெடும். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, அடுத்த நாள் மிக்ஸி நின்றுபோனால் அவர் வீட்டுக் கதவைத்தான் போய்த் தட்டுவார்கள். ஏன் என்று எனக்கும் ரொம்ப நாள் புரியாமல்தான் இருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டியவர். காலையில் ரயிலேறிப் போய், சாயங்காலம் ரயிலேறி வருவார். அத்தனை வருடத்தில் அவர் கையாண்ட ஒரே இயந்திரம் காகிதத்தில் ஓட்டை போடுவது. ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கினார். அன்றைக்குப் பிடித்தது தெருவுக்குச் சனி.

மெக்கானிக் என்றால் வந்ததும் மூடியைக் கழற்றுவான். கோப்பு சாரிடம் அந்தப் பேச்சே கிடையாது. முதலில் வீட்டுக்காரர் வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். மனுவை வாங்கி, எண் போட்டு, அட்டையில் வைத்துப் பச்சை டேக் கோர்த்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் வெளியே வரும்.

"வாயால சொன்னா எப்டிங்க செல்லும்? நாளைக்கு நான் அப்டி சொல்லவே இல்லன்னு நீங்க மாத்திப் பேசினா?" என்பார்.

"சார், ஃபேன் சுத்தல. இதுல நான் இன்னா மாத்திப் பேசப்போறேன்?" என்று எதிர்வீட்டு டீச்சரம்மா ஒருமுறை கேட்டுவிட்டார். அதைத் தனித்தாளில் 'மனுதாரரின் ஒத்துழையாமை' என்று குறித்து கோப்பில் சேர்த்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து ஃபேன் சுற்றியது. ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தால் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சுற்றும், ஐந்தில் வைத்தால் யோசித்து யோசித்துச் சுற்றும்.

"இன்னா சார் தலைகீழா இருக்குது?"

"வேகம் வருதா இல்லியா? எந்த நம்பர்ல வருதுங்கறது உள் நிர்வாகம். நீங்க அதுல தலையிடாதீங்க."

பிரித்ததை மறுபடி பூட்டிய பிறகு ஐந்தாறு ஸ்க்ரூவாவது கண்டிப்பாக மிஞ்சும். அவற்றை ஒரு கவரில் போட்டு, மேலே 'உபரி' என்று எழுதி நம்மிடமே கொடுத்துவிடுவார். "கம்பெனிக்காரன் தேவைக்கு மேல ஸ்டாஃப் போட்டு வெச்சிருக்கான். நான் கொறச்சிட்டேன்" என்று விளக்கம் வேறு. ஆயுத பூஜை வந்தால் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். தான் கைவைத்த இயந்திரம், இனிமேல் கைவைக்கப் போகிற இயந்திரம் எல்லாவற்றுக்கும் பட்டையடித்துப் பொட்டு வைத்துவிட்டு வருவார்.

எங்கள் வீட்டு டிரையர் அந்த இரண்டாவது வகை.

என் மச்சான் துபாயில் வீட்டைக் காலி செய்தபோது, துணி காயவைக்கிற அந்த மிஷினைத் தூக்கிப்போட மனமில்லாமல் கப்பலில் அனுப்பிவிட்டான். தெருவே கூடிச் சிரித்தது. திண்டிவனத்து வெயிலில் துணியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். இதற்கு ஒரு மிஷினா? மேல்சித்தாமூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்த என் அப்பா, அதன் தலையில் இரண்டு மூட்டை மல்லாட்டையை ஏற்றி வைத்து, "இதுக்காவது ஆவட்டும்" என்றார்.

அப்படிச் சொன்ன அப்பாவுக்கு இந்த ஆவணியில் பக்கவாதம் வந்துவிட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருபது நாள். வீட்டுக்குக் கூட்டிவந்தபோது வலது கை, வலது கால் இரண்டும் வேலை செய்யவில்லை. பேச்சு குழறியது. ஒரு நாளைக்கு ஆறு முறை படுக்கைவிரிப்பு மாற்ற வேண்டும். "முதுகுல ஈரம் படவே கூடாது. புண்ணு வந்துச்சின்னா ஆத்தறது ரொம்ப கஷ்டம்" என்று டாக்டர் நான்கு தடவை சொல்லி அனுப்பினார். ஆவணி மாத மாலை மழையில் துணி காயாமல் தவித்தபோது என் மனைவி சுமதிதான் மல்லாட்டை மூட்டையை இறக்கிவிட்டு டிரையரைப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் விரிப்பு அப்பளமாக வந்தது. அன்றிலிருந்து அந்த மிஷின் கூடத்தில், அப்பாவின் கட்டிலுக்கு எதிரிலேயே நின்றது. புரட்டாசியில் நல்ல வெயில், அதற்கு வேலை வைக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழையில்லை, விடாத மழை. சுமதி விரிப்புகளை உள்ளே போட்டு டிரையரை ஓட்டினாள். இரண்டே நிமிடம். 'டிங்' என்று மணியடித்து, வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் சொட்டச் சொட்ட ஈரம். மறுபடி போட்டாள். மறுபடி டிங்.

சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "அந்த மாடல் நம்ம ஊர்லயே கெடயாது சார், பதினஞ்சு நாள் ஆவும், வந்தாலும் கியாரண்டி சொல்ல முடியாது" என்றார் ஒருவர். பதினைந்து நாள் அப்பாவின் முதுகு காத்திருக்குமா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டுப் பின்பக்கத்து ஸ்க்ரூவைத் திருகினேன். முதல் ஸ்க்ரூ தரையில் விழுந்து 'டிணிங்' என்றது. அவ்வளவுதான். மூன்று வீடு தள்ளி இருக்கிற கோப்பு சாருக்கு அது எப்படிக் கேட்டதோ, குடையோடு வாசலில் நின்றார்.

"தம்பி, யார் உத்தரவுல கழட்டறீங்க?"

"சார், அவசரம். நானே பாத்துக்கறேன்."

"அவசரம்னா மேல 'மிக அவசரம்'னு எழுதுங்க. வீடியோவ நிறுத்துங்க. அது அவன் ஊரு நடைமுறை, இங்க செல்லாது."

எழுதினேன். என்னை எழுத வைத்தார் என்பதுதான் சரி. 'பொருள்: துணி உலர்த்தும் இயந்திரம், இரண்டு நிமிடத்தில் பணியை நிறுத்திவிடுதல், தொடர்பாக. பார்வை: என் மனைவி வாய்மொழியாகத் தெரிவித்த புகார்.' அதை அவர் உரக்கப் படித்துச் சரிபார்த்தார். கட்டிலிலிருந்து அப்பா கோணிய வாயோடு "பேப்பரு... பேஜாரு..." என்றார். நல்ல காலத்திலேயே அவருக்குக் கோப்பு சாரைக் கண்டால் ஆகாது.

பிறகு ஆரம்பித்தது ஐயா கூத்து. பிளக்கைப் பிடுங்கி, சுவரில் 'மின் இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது' என்று நோட்டீஸ் ஒட்டினார். முதல் நாள் பின்பக்கத் தகடு. இரண்டாம் நாள் பெல்ட். மூன்றாம் நாள் ஃபேன், மோட்டார், இன்னும் பெயர் தெரியாத ஏழெட்டு உறுப்புகள். ஒவ்வொன்றையும் கவரில் போட்டு எண் எழுதிக் கூடம் முழுக்கப் பரப்பினார். சுமதி சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் கோப்பு சாரிடம் வழி கேட்டுத்தான் போக வேண்டும். உள்ளே பஞ்சுத் தூசி ஒரு தலையணை அளவுக்குக் கிடைத்தது. ஆகா, இதுதான் என்று துள்ளினேன். அவர் அதைச் சாட்சியப் பொருளாகப் பொட்டலம் கட்டினார். எல்லாவற்றையும் பூட்டி ஓட்டினோம்.

டிங்.

"பரவால்ல, ஒரு காரணம் இல்லன்னு நிரூபணம் ஆயிடுச்சி" என்றார் ரொம்பத் திருப்தியாக. எனக்கு அந்தப் பஞ்சை அவர் வாயில் திணிக்கலாம் போல வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாளே ஈர விரிப்புகளை ஒரு பக்கெட்டில் எடுத்துக்கொண்டு போனார். "கோப்பு நெலுவைல இருக்கற வரைக்கும் மாற்று ஏற்பாடு செய்யறது நிர்வாகத்தோட கடமை." மறுநாள் காலை மூன்று விரிப்புகள் மடித்துக் காய்ந்து வந்தன. பெற்றுக்கொண்டதற்கு சுமதி ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வீட்டில் ஏதோ இடவசதி இருக்கிறது என்று நினைத்தோம். நான்காம் நாள் கேப்பை அடை கொடுக்கப் போன சுமதி திரும்பி வந்து சொன்னாள்.

"பனியனோட நின்னுக்கினு ஒவ்வொரு பெட்ஷீட்டா அயர்ன் பாக்ஸ் வெச்சித் தேச்சித் தேச்சிக் காய வெக்கறாருங்க. கட்டவெரல்ல கொப்பளம். நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சதும் கதவச் சாத்திக்கினாரு."

ஆனாலும் மூன்று விரிப்பு மூன்று விரிப்புதான். ஆறு வேண்டும். மற்ற மூன்றும் அரை ஈரம். ஐந்தாம் நாள் காலை அப்பாவைப் புரட்டிப் போட்டபோது இடுப்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது. எனக்கு வந்த கோபம் முழுவதும் கோப்பு சார் மேல்தான் திரும்பியது.

அப்பாவோ இரண்டு நாளாக வேறு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். இடது கையை நீட்டி, "சந்தனம்... சந்தனம்..." என்பார். உடம்பு எரிகிறதாக்கும் என்று சுமதி அவர் நெற்றியில் குளிரச் சந்தனம் பூசினாள். அவர் தலையை உதறினார். இன்னும் கொஞ்சம் வேண்டும் போல என்று மார்பிலும் பூசினோம். அப்பா எங்களைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வலது கை நன்றாக இருந்திருந்தால் ஆளுக்கொன்று விழுந்திருக்கும்.

ஐந்தாம் நாள் அவர் கோபத்தில் கட்டிலோரம் இருந்த டம்ளரையே எடுத்து வீசினார். அது நேராக டிரையரின் திறந்த வாய்க்குள் போய் விழுந்தது. எடுக்கப் போன சுமதி டார்ச்சடித்துப் பார்த்து, "ஏங்க, இங்க வாங்களேன்" என்றாள்.

உள்ளே வாசலோரமாக இரண்டு எவர்சில்வர் பட்டிகள். துணியின் ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பது அவைதான். ஈரம் இருக்கும் வரை மிஷின் ஓடும், இல்லையென்றால் டிங் அடித்து நின்றுவிடும். அந்த இரண்டு பட்டிகளின் மேலும் மேலிருந்து கீழ்வரை கெட்டியாகச் சந்தனம் பூசி, நடுநடுவே குங்குமப் பொட்டு. சந்தனம் காய்ந்து காரை மாதிரி இறுகியிருந்தது. துணி நனைந்திருப்பது மிஷினுக்கு எப்படித் தெரியும்? கட்டிலில் படுத்தபடி ஆயுத பூஜையன்று நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி அப்பா. அவரைத்தான் நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

மறுபடி தகட்டைக் கழற்ற வந்திருந்த கோப்பு சார் எட்டிப் பார்த்தார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். நான் பேசினேன். நிறையவே பேசினேன். "அஞ்சு நாளா மோட்டார நோண்டிக்கினு இருந்தீங்களே, எங்கப்பா முதுகப் பாத்தீங்களா சார்?" என்று கத்தினேன். சுமதி ஈரத்துணியால் பட்டிகளைத் தேய்த்துத் துடைத்துவிட்டு ஓட்டினாள். இரண்டு நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் ஆனது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் குடையைக் காணோம்.

இரண்டு நாள் அவர் தலையே தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். என்னைப் பார்க்காமல் நேராக அப்பாவின் கட்டிலருகே போய் நின்று, ஒரு தாளை நீட்டிப் படித்தார்.

"பொருள்: இயந்திரப் பழுதுக்குக் காரணமாயிருந்தமை, விளக்கம் அளித்தல், தொடர்பாக. மேற்படி இயந்திரத்தின் உட்புறத்தில் தேவைக்கு மேல் பக்தி செலுத்தியதால், தங்களுக்கு ஐந்து நாட்கள் ஈரப் படுக்கை நேர்ந்தது. இதற்கு முழுப் பொறுப்பும் என்னையே சாரும். என் மீது தக்க நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்."

படிக்கும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முப்பத்து மூன்று வருடம் அடுத்தவன் விளக்கத்தைக் கோப்பில் சேர்த்தவருக்குத் தன் விளக்கத்தை எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது. தாளின் அடியில் உத்தரவுக்காக இடம் விட்டிருந்தார்.

அப்பா இடது கையை நீட்டிப் பேனா கேட்டார். பக்கவாதம் வந்த பிறகு அவர் பேனாவைத் தொட்டதே இல்லை. சுமதி அட்டையைப் பிடித்துக்கொள்ள, நாக்கைத் துருத்திக்கொண்டு, ரொம்ப நேரம் இழுத்து இழுத்து ஏதோ எழுதினார். கோப்பு சார் வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். கோணல் மாணலாக ஒரே வார்த்தை. 'வாய்யா'.

"உத்தரவு தெளிவா இல்லியே" என்றார் கோப்பு சார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நடவடிக்கை இன்னான்னு குறிப்பிடலியே."

"டெய்லி... வா" என்றார் அப்பா.

தினமும் வருகிறார். அப்பாவின் முதுகுச் சிவப்பு ஆறிவிட்டது. டிரையர் ஒழுங்காக ஓடுகிறது, அதன் பக்கம் மட்டும் அவரை விடுவதில்லை. நேற்று எங்கள் கிரைண்டர் கரகரவென்றது. கம்பெனிக்குப் போன் செய்யலாம் என்று எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைத்தாள் தேடினேன். அவர் கைபட்டால் அது உருப்படாது என்று நன்றாகவே தெரியும். இருந்தாலும் என் வீட்டில் எது கெட்டுப்போனாலும் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.