மாதுமை அனுப்பிய ஃபைல்

"அலாமாக்! மறுபடி கட்டம் கட்டமாத்தான் வருது அண்ணே," என்றாள் ஈப்போவில் கணினி பழுதுபார்க்கும் ஷர்மினி.

தேவன் எட்டிப் பார்த்தான். பதினோரு வருடங்களுக்கு முன் மாதுமை மின்னஞ்சலில் அனுப்பிய ஃபைல், திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாக நின்றது.

ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் அவன் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுபவன். அவள் அலுவலகப் பிரிவில் இருந்தாள். அவள் பினாங்குக்கு வேலை மாறிப் போன பிறகுதான் அவனுக்குத் தைரியம் வந்தது. தொழிற்சாலைக் கணினியில் மூன்று பக்கம் தட்டி, 'என்னைக் கட்டிக்கிறீங்களா?' என்று முடித்து, ஒரு ஃபைலாக அனுப்பினான். பதிலுக்கு இந்த ஃபைல் வந்தது. அவன் கணினியில் அது திறக்கவில்லை.

அவளையே கேட்டிருக்கலாம். 'உங்க பதிலைப் படிக்க முடியல' என்று சொல்ல வெட்கம். அதோடு, திறக்காத வரைக்கும் உள்ளே 'சரி' என்று இருக்கலாமே என்ற ஆசை.

அதை உருவாக்கிய, அவள் புது ஆபீஸில் இருந்த மென்பொருளையே தேடி வாங்கினான். புதிய பதிப்பு பழைய ஃபைலைத் திறக்காது என்றது. பழைய பதிப்பைத் தேடி முடிப்பதற்குள் அந்தக் கம்பெனியே மூடிவிட்டது. மச்சான் ரூபன் ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் வாலை மாற்றிப் பார்த்தான். பாட்டு போடும் செயலி திறந்துகொண்டு, மாதுமையின் பதில் முப்பது விநாடி 'கிர்ர்ர்' என்றது.

அதையும் தேவன் இரண்டு தடவை கேட்டான்.

"ஏன்லா இந்தக் கம்பெனிக்காரனுங்க இப்படிச் செய்றானுங்க?" என்றான் இப்போது.

"ஃபைலுக்குள்ள எழுத்தை எப்படி அடுக்குறதுன்னு ஒரு விதி இருக்கு அண்ணே. அதை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிடணும். யாரு வேணும்னாலும் அனுமதி கேக்காம, காசு கட்டாம அதுக்கு சாஃப்ட்வேர் செய்ய விடணும். ஒரே கம்பெனி இஷ்டத்துக்கு மாத்தவும் கூடாது. அப்பத்தான் அது திறந்த தரம். இவங்க விதியைச் சொல்லாமலே கடையைச் சாத்திட்டாங்க."

"அப்ப அவ்வளவுதானா?"

"இல்லலா. யாரோ ஒரு புண்ணியவான் பழைய ஃபைலுங்களைப் பார்த்துப் பார்த்தே அந்த விதியைக் கண்டுபிடிச்சு நெட்ல போட்டிருக்காரு. இருங்க."

கட்டங்கள் மறைந்து எழுத்துகள் வந்தன. தேவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"நீயே படிம்மா. சரியா, இல்லையான்னு மட்டும் சொல்லு."

ஷர்மினி திரையைப் படித்தாள்.

"ரெண்டும் இல்ல அண்ணே. 'நீங்கள் அனுப்பிய ஃபைல் இங்கே திறக்கவில்லை. நான் நினைப்பதுதான் அதில் இருக்கிறதென்றால் வேறு மாதிரி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்'னு எழுதியிருக்காங்க."