அண்ணன் முகத்தில் விழுந்த வானம்

நட்சத்திரம் போடும் வேலையைக் கடவுளிடமே விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. ஃபோட்டோஷாப் கற்று இரண்டே மாதம். அந்தத் திமிர் எனக்கு.

அண்ணன் சாமுவேல் ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். அவன் கல்யாண பேனரை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்தேன். நட்சத்திரம் நிறைந்த வானம், நடுவில் மணமக்கள்.

"ரோஜாப்பூ போட்டா போதும் எஸ்தர்" என்றான்.

"ரோஜா எல்லாரும் போடுறாங்க. நீ கம்முனு இரு."

வேலூர் கம்ப்யூட்டர் சென்டரில் எட்டு நாள் உட்கார்ந்தேன். முதல் வானம் தார் ரோடாக வந்தது. இரண்டாவது, உப்புத் தடவிய தோல் மாதிரி. விடுவேனா? கறுப்பில் கலர் புள்ளிகளைத் தூவி, மங்கலாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி, ஒன்பதாவது முறை நிஜ வானமே வந்துவிட்டது. (கண் கலங்கிவிட்டது எனக்கு.) ஆனால் புள்ளிகள் இருந்த லேயர், அதாவது அந்த அடுக்கு, அண்ணன் படத்துக்கு மேலே இருந்திருக்கிறது. திரையில் சுருக்கிப் பார்த்தபோது தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலை சர்ச் ஹாலில் பத்தடி பேனராகக் கட்டியபோது தெரிந்தது. வானம் அற்புதம். அண்ணன் முகம் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கொப்புளங்கள். அண்ணியின் படத்தைக் கடைசியாக ஒட்டியதால் அவர் மட்டும் தப்பித்திருந்தார்.

விட்டுவிடுவேனா? ஃபேஸ் க்ரீம் டப்பாவோடு ஸ்டூலில் ஏறி, கொப்புளங்களை ஒவ்வொன்றாகப் பூசி மறைக்க ஆரம்பித்தேன். மூக்கை முடிப்பதற்குள் பெண் வீட்டு வேன் வந்துவிட்டது. பெண் வீட்டில் பாதிப் பேர் நர்சுகள்.

"இன்னா சம்மந்தி, மாப்பிள்ளைக்கு அம்மையா?" என்றார் அண்ணியின் அம்மா. "இந்த ஃபோட்டோ எப்ப எடுத்தது?"

"போன வாரம்தாங்க" என்றார் அப்பா பெருமையாக.

"அப்ப இன்னும் தொத்தும்!"

"அக்கா, அங்க பாரு, க்ரீம் போட்டு மறைக்கிறாங்க!" என்றார் அவர் தங்கை, என்னைக் காட்டி.

ஸ்டூலிலிருந்து நான் "அது நட்சத்திரம் ஆன்ட்டி!" என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்து அறையில் மூன்று நர்சுகள் அண்ணனின் கோட்டு, டை, சட்டை எல்லாவற்றையும் கழற்றி, முதுகுவரை சோதித்து, "வெறும் வேர்க்குரு" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தாலி ஏறியது. சர்ச் ஐயர் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்.

போன வருஷம் அண்ணன் மகளுக்கு நிஜமாகவே அம்மை போட்டது. டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே எனக்குத்தான் போன் செய்தான்.

"எஸ்தர், மொதல்ல அந்தக் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணு."