காட்டாத வெளிச்சத்தைக் கண்டவர்

டாக்டரிடம் போய் வியாதியைச் சொல்லாமல் மார்க் வாங்கிக்கொண்டு திரும்புகிற ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ரத்தப் பரிசோதனை என்றால் முந்தின வாரமே இனிப்பை நிறுத்திவிடுவார்கள். பல் டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று மட்டும் ஈறில் ரத்தம் வருகிற மட்டும் பல் தேய்ப்பார்கள். 'இங்கே வலிக்கிறதா' என்று கையை வைப்பதற்குள் 'இல்லை' என்பார்கள். வலிக்கும். அது வேறு விஷயம்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் கடீனா என்ற கோதுமை ஊரில் இருக்கும் கிளைவ் பெங்கெல்லி இந்த இனத்தின் மணிமகுடம். ஆயுள் முழுக்க தானிய லாரி ஓட்டியவர். கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் களஞ்சியத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் புறாவின் கழுத்து நிறத்தைச் சொல்லுவார். ஆனால் கொஞ்ச நாளாக மேஜை விளிம்பில் அவர் வைக்கிற கோப்பை தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. மனைவி ரோண்டா விடாப்பிடியாக அவரைக் கண் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள்.

பரிசோதிக்கிற பெண் ஹான் ட்ரான், மகள் வயது. மருந்துப் புட்டியின் சிவப்பு மூடி ஒன்றை எடுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டி, இரண்டிலும் ஒரே சிவப்பாகத் தெரிகிறதா என்று கேட்டாள். இடது கண்ணுக்குத் தக்காளி. வலது கண்ணுக்கு வெயிலில் காய்ந்த செங்கல். கிளைவ் ஒரு கணம் யோசித்தார்.

"சிவப்புன்னா சிவப்புதாம்மா. அதுல என்ன ஒசத்தி, மட்டம்?"

சாம்பல் பலகையில் வரவர மங்கிக்கொண்டே போகும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். தெரிந்தவரை படித்தார், தெரியாததையும் அதே கம்பீரத்தோடு படித்தார். பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு, ஓரங்களில் மங்கலாக வெளிச்சம் மினுக்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும் என்றாள். கிளைவ் அந்த இயந்திரத்தின் தாளத்தைச் சீக்கிரமே பிடித்துவிட்டார். அது மெல்ல முனகும்; முனகினால் வெளிச்சம் வருகிறது என்று பொருள். அப்புறம் என்ன? கண் எதற்கு, காது போதாதா?

அது வெளிச்சம் காட்டாமல் சும்மாவும் முனகிப் பார்க்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

இயந்திரம் தந்த தாளை ஹான் பார்த்தாள். "கிளைவ், நான் காட்டாத வெளிச்சத்தையெல்லாம் நீங்க பாத்திருக்கீங்க."

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். நாளைக்கு வந்து மறுபடி செய்யுங்கள், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தும் விழாத மாதிரி வெளியே வந்து, காத்திருந்த ரோண்டா கேட்டபோது எல்லாம் பிரமாதம் என்று சொல்லி, காரை எடுத்தார்.

முதல் திருப்பத்தில் ரோண்டா அலறினாள். கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. இடது பக்கம், காரின் மூக்கை ஒட்டி, தபால்காரி கிளெனிஸ் ஸ்கூட்டரோடு சாய்ந்து ஒற்றைக் காலை ஊன்றி நின்றிருந்தாள். அடிபடவில்லை.

"பளபளன்னு மஞ்சச் சட்டை போட்டிருக்கேன், கிளைவ். இதுக்கு மேல நான் என்னத்தப் போட?"

அவர் பார்த்தபோது அந்த இடத்தில் வெறும் சாலைதான் இருந்தது, சத்தியமாக இருந்தது. கறுப்பாக எதுவும் மறைக்கவில்லை, மங்கவும் இல்லை. பார்வை இல்லாத இடத்தைச் சாலையால் ஒட்டுப்போட்டு நிரப்பிக் காட்டியிருக்கிறது மூளை. அவரே இறங்கிச் சாவியை ரோண்டாவிடம் நீட்டினார்.

நேரே பரிசோதனை அறைக்கே திரும்பிப் போனதும் ஹானிடம் சொன்னார்: "அந்த மூடி, ஒரு கண்ணுல செங்கல் மாதிரி இருந்துச்சும்மா."

அவள் திட்டவில்லை. சற்று ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு மறுபடி கிண்ணத்தின் முன் உட்காரவைத்தாள். இயந்திரம் முனகியது. வெளிச்சம் தெரியவில்லை. கட்டைவிரல் துடித்தது, அடக்கிக்கொண்டார். மறுபடி முனகல், மறுபடி ஒன்றுமில்லை. தெரியவில்லை என்பதை வாய்திறந்து சொல்வதைவிட, ஒரு பொத்தானைச் சும்மா விடுவது கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. முடிந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது.

தாளில் இரு கண்ணுக்கும் இடப்புறம் கீழே கறுப்புத் திட்டு. வலது கண்ணில் பெரிது. கிளாக்கோமா என்கிற கண்ணழுத்த நோய். போன பார்வை திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். அடிலெய்டில் பெரிய டாக்டர் பார்த்துச் சொல்கிறவரை கார் ரோண்டாவுடையது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இந்தத் தடவை ரொம்ப நேர்மையா பண்ணிருக்கீங்க" என்றாள் ஹான்.

அவ்வளவுதான். கிளைவ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வாரமே கிளப்பில் இறைச்சி பஃப்ஸைக் கடித்துக்கொண்டு, ஊரிலேயே நேர்மையாகக் கண் பரிசோதனை செய்துகொண்டவர் தாம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இனம் அப்படி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, நமக்கு எப்படி என்று ஒரு கண்ணைக் கையால் பொத்திச் சுவர் காலண்டரைப் பார்த்தீர்கள் அல்லவா? பார்த்துத் திருப்திப்பட்டும் கொண்டீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பொத்தினது எந்தக் கண்ணை? நல்லதையா, மற்றதையா?