மயில் தள்ளிய சோபா

நான்கு வீடியோ பார்த்துவிட்டால் எதையும் செய்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. நான் மூன்றிலேயே நம்பிவிடுகிறவள். இந்த நம்பிக்கையில் முடி வெட்டியிருக்கிறேன் (என் முடிதான்; அந்தப் புகைப்படங்களை அழித்தாயிற்று), மிக்ஸியைப் பிரித்திருக்கிறேன், கோவில்பட்டியில் ஐஸ் மேல் மயிலாக ஆடியிருக்கிறேன். முடி வளர்ந்துவிட்டது. மிக்ஸி வேறு வாங்கினோம். மயில் விவகாரம் மட்டும் மூன்று வருஷமாகியும் தீரவில்லை.

கோவில்பட்டியில் ஐஸ் தளமா என்று கேட்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள்.

என் அம்மாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன், அதாவது என் பெரிய மாமா, மிளகாய் வத்தல் வியாபாரி. ஒரு கை வத்தலை அள்ளி மோந்தாலே எந்தப் பக்கத்துக் கரிசலில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். தம்பி, அதாவது சின்ன மாமா, துபாய்க்கு ஒரு வாரம் சுற்றுலா போய்வந்தவர். முதல் நாளே அங்கே பிள்ளைகள் ஐஸில் சறுக்கி விளையாடுவதைப் பார்த்திருக்கிறார். மற்ற ஆறு நாளும் அதே இடத்தில் நின்றிருக்கிறார். ஊர் திரும்பியதும் எட்டயபுரம் சாலையில் குடும்பத்துக்குப் பொதுவாகக் கிடந்த பழைய பருத்திக் கிடங்கில் குழாய் பதித்து, கம்ப்ரஸர் வைத்து, இரண்டு கல்யாணப் பந்தி அகலத்துக்கு ஐஸ் தளம் போட்டுவிட்டார்.

ஊர் ஆசையாகத்தான் வந்தது. பாதிப் பேர் சறுக்க வந்தார்கள், மீதிப் பேர் வெயிலுக்கு ஒதுங்க. எட்டே மாதத்தில் கம்ப்ரஸர் படுத்துக்கொண்டது. அதற்கு ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வர இரண்டு வருஷம் ஆனது. அதுவரை இடம் சும்மாதானே கிடக்கிறது என்று பெரிய மாமா தன் வத்தல் மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கிவிட்டார். கம்ப்ரஸர் சரியான பிறகு அவருக்குக் காலி பண்ண மனசே வரவில்லை.

"ஏலே, குளிர வைக்க மிஷினு இருக்கு. மூடுன கட்டடம் இருக்கு. வத்தலுக்கு இதவிட என்னல வேணும்? நெறம் மாறாம வருசம் பூரா கெடக்கும். பிள்ளையள வழுக்கி விழ வைக்கதுக்கா இம்புட்டு கரண்டு?"

சின்ன மாமா அண்ணனை எதிர்த்துப் பேசமாட்டார். சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா பஞ்சாயத்து பண்ணினாள். முடிவு இதுதான்: மூட்டைகளை வெளியே தார்ப்பாய்க்கு அடியில் வைத்துவிட்டு, தளத்தை மறுபடி திறந்து ஒரு விழா நடத்த வேண்டும். அன்றைக்கே ஐம்பது பிள்ளைகள் சேருவதற்குப் பேர் கொடுத்தால் கிடங்கு ஐஸுக்கு. ஒன்று குறைந்தாலும் வத்தலுக்கு.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு, வீட்டில் காலை ஆட்டிக்கொண்டிருந்த காலம். தளம் முதலில் திறந்திருந்த எட்டு மாதமும் நான் அங்கேதான் கிடந்தேன். விழாமல் போவேன். பின்பக்கமாகவும் போவேன். ஒரு சுற்று சுற்றி நிற்பேன் (பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால்).

"மாமா, வெறும் ரிப்பன் வெட்டுனா எவன் வருவான்? ஃபிகர் ஸ்கேட்டிங் ஷோ வைப்போம்."

"அப்படின்னா?"

"ஐஸ் மேல டான்ஸ். டிவில ஆடுவாங்கள்லா, அது."

"யாரு ஆடுவா?"

"நான்தான்."

சின்ன மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்துச் செய்யிட்டி. எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான்" என்றார். அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எனக்கு அது அப்போது கேட்கவில்லை. 'செய்' என்பது மட்டும் கணீரென்று கேட்டது.

ஐஸில் அன்னமாக ஆடுவதுதான் உலக வழக்கம் என்று முதல் வீடியோவில் தெரிந்துகொண்டேன். நம் பக்கம் அன்னத்தை யார் கண்டது? மயில் என்று முடிவு செய்தேன். மழைக்காற்று அடித்ததும் தோகை விரிக்கிற மயில். நீல வெல்வெட் உடை, பின்னால் ஐந்து முழத் துணித் தோகை. தோகை விரிய நிஜமாகவே காற்று வேண்டுமே? அதற்கும் வழி சுவரிலேயே இருந்தது. பருத்திக் கிடங்காக இருந்த காலத்தில் உள்ளே காற்று அடிப்பதற்காக மேலே பொருத்திய ஆளுயரக் காற்றாடி.

கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்கிற வேலு அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "பாப்பா, அந்தக் காத்தாடி வாயில ரெண்டு வருசமா வத்தல் மூட்டைதான் கெடந்துச்சு. தரையத்தான் மூணு தடவ கழுவியிருக்கு. அத யாரும் தொடல. ஒருக்கப் போட்டுப் பாத்துருவமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. சஸ்பென்ஸ் போயிரும்."

"இங்கன நானும் நீயுந்தான இருக்கோம்?"

"உங்களுக்கும் சஸ்பென்ஸா இருக்கட்டும்."

(படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது? ஆமாம். முதல் வகுப்பில் தேறியவள்.)

விழா அன்று கிடங்கு நிரம்பிவிட்டது. சிறப்பு விருந்தினர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி (எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பேர்). ஊரில் யார் எதைத் திறந்தாலும் அவர்தான் விளக்கேற்றுவார். அப்பேர்ப்பட்டவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்க முடியுமா? பந்தல்காரரிடமிருந்து கல்யாண ரிசப்ஷன் சோபா வந்தது. சிவப்பு வெல்வெட், இரண்டு கைப்பிடியிலும் தங்கப் பூச்சு பூசிய சிங்கமுகம்.

எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். தடுப்புக்கு வெளியே ஜனம் நெருக்கியடித்து நின்றது. விருந்தினர் எல்லாருக்கும் முன்னால் உட்கார வேண்டும். ஜனத்துக்கு முன்னால் இருந்தது ஐஸ்தான். ஆகவே தளத்தின் ஒரு மூலையில் கம்பளம் விரித்து அதன் மேல் சோபாவைப் போட்டோம். ஐஸ் மேல் கம்பளம், கம்பளம் மேல் சோபா. யோசனை என்னுடையது. உராய்வு விசை பற்றி நான் இரண்டு பருவம் படித்திருக்கிறேன்.

விளக்கேற்றுகிற இடத்தில் செருப்போடு நிற்கக்கூடாது என்று முதலாளி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். ஐஸில் வெறுங்காலை வைத்தவர், "எம்மாடி!" என்று ஒரே தாவில் கம்பளத்துக்கு வந்து, அங்கே நின்றபடியே கையை எட்டி விளக்கேற்றினார். விளக்கை ஆட்கள் வெளியே எடுத்துப் போனதும் சோபாவில் ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டார். பக்கத்தில் பெரிய மாமா, அவரும் காலைத் தூக்கிவைத்து. கழுத்தில் மாலையும் தோளில் பொன்னாடையுமாக இருவரும் மணமக்கள் போல இருந்தார்கள். யார் மாப்பிள்ளை என்று மட்டும் தெரியவில்லை.

ஆடப் போவதற்கு முன் அம்மாவின் மேசையை எட்டிப் பார்த்தேன். நோட்டில் பதினோரு பேர். அதில் நாலு பேர் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள்.

"ஆட்டத்தப் பாத்துட்டுச் சொல்லுதோம்னு நிக்காவ" என்றாள் அம்மா. "ஏட்டி செண்பகா, இன்னும் முப்பத்தொம்பது வேணும். நல்லா ஆடு."

பாட்டு ஆரம்பித்தது. தோகையை இழுத்துக்கொண்டு நடுத்தளத்துக்கு வந்து கழுத்தை ஒரு வெட்டு வெட்டினேன். முன்வரிசையில் நின்ற ஒரு கயத்தாற்று விவசாயி படபடவென்று கைதட்டினார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

"ஹேய்... ச்சூ! ச்சூ!" என்றார்.

விதைத்த உளுந்தையும் பாசிப்பயற்றையும் மயிலுக்குப் பறிகொடுத்தவர்கள் நிறைந்த சபை அது. அங்கே மயில் வேஷத்தில் போய் நின்ற ஒரே ஆள் நான்தான். "காட்டுலதான் நிம்மதியில்லன்னா இங்கனயும் வந்துட்டு பாரும்" என்று அவர் பக்கத்து ஆளிடம் சொன்னது பாட்டையும் மீறிக் கேட்டது. சபை சிரித்தது. நான் விடவில்லை. பின்பக்கமாகப் போனேன், ஒரு காலைத் தூக்கினேன், விழவில்லை. சிரிப்பு அடங்கியது. பிள்ளைகள் தடுப்பில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். சின்ன மாமாவின் முகம் லேசாகத் தெளிந்தது.

பாட்டுக்கு நடுவே இடி இடித்தது. நான் சுற்ற ஆரம்பித்தபடியே வேலு அண்ணாச்சிக்குக் கை காட்டினேன்.

காற்றாடி ஒருமுறை கனைத்தது. பிறகு இரண்டு வருஷத்து வத்தல் தூசியை ஒரே மூச்சில் உள்ளே ஊதியது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் செம்மஞ்சள் மேகம் ஒன்று மெதுவாக இறங்கியது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து ஜனம் கைதட்டியது. மேகம் கீழே வந்து சேர்ந்ததும் கைதட்டல் தும்மலாக மாறியது. முதல் தும்மல் முதலாளியுடையது. பெரிய மாமா மட்டும் தும்முவதற்கு முன் மூக்கை நிமிர்த்தி ஒருமுறை மோந்து, "இது நம்ம சம்பா வத்தலுல்லா!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் தும்மினார்.

சுற்றும்போது தும்மினால் என்ன ஆகும் என்று அந்த மூன்று வீடியோவிலும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். முதல் தும்மலில் உடம்பு இரண்டாக மடங்கும். இரண்டாவதில் எந்தப் பக்கம் போகிறோம் என்பது நம் கையில் இருக்காது. மூன்றாவதில் தோகை தலைக்கு மேலே வந்து முகத்தை மூடிக்கொள்ளும். அப்படியே கண் தெரியாமல் பின்பக்கமாகப் பாய்ந்து போய், ஒரு சிங்கமுகத்தில் முதுகால் மோதி, ஐஸில் உட்கார்ந்தேன்.

சோபா கிளம்பிவிட்டது.

நான் மோதிய வேகம் மட்டும் அதற்குப் போதாது. உட்கார்ந்திருந்த இருவரும் அதே கணத்தில் ஒரே திசையில் தும்மினார்கள் என்பது என் கணிப்பு. எப்படியோ, அன்றைக்கு நான் செய்ய நினைத்ததையெல்லாம் அந்தச் சோபா செய்தது. கம்பளத்தோடு சத்தமில்லாமல் வழுக்கியது. நடுத்தளத்தில் அலுங்காமல் ஒரு முழு வட்டம் திரும்பியது. திரும்பும்போது ஜனத்தின் எல்லாப் பக்கமும் முகம் காட்டியது. காலை ஊன்றி நிறுத்தலாம் என்றால் இருவருக்கும் வெறுங்கால். சிங்கத்தின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சம்மணத்தோடு போனார்கள்.

"சாமி சப்பரம் வருதுல! வழிய விடுங்கல!" என்று எந்தப் பயலோ கத்தினான்.

எதிர்மூலையில் அடுக்கியிருந்த காலிச் சாக்குகளில் மெத்தென்று முட்டிச் சோபா நின்றது. வேலு அண்ணாச்சி காற்றாடியை நிறுத்தினார். பாட்டும் நின்றது. தும்மல் மட்டும் அங்கங்கே கேட்டது. முந்நூறு பேர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன மாமாவும் தடுப்பைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அது வத்தலால் மட்டும் வந்ததில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் 'இது ஒண்ணுதான்' என்று சொன்னபோது எப்படிச் சொன்னார் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. தோகையைத் தலையில் போட்டுக்கொண்டு ஐஸில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது முதலாளி பொன்னாடையில் மூக்கைச் சிந்திவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்னய்யா, நின்னுட்டு? நம்ம செருப்பு அந்தப் பக்கம்லா கெடக்கு. யாராவது தள்ளுங்க."

யாரும் இரண்டாம் முறை சொல்லக் காத்திருக்கவில்லை. நாலு இளவட்டங்கள் தடுப்பைத் தாண்டிக் குதித்துத் தள்ளினார்கள். அவர்களே வழுக்கி விழ, சோபா மட்டும் தனியாக வந்து சேர்ந்தது. இந்த முறை முதலாளி கையை விட்டுவிட்டு ஜனத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கிடங்கு அதிர்ந்தது.

பிள்ளைகள் ஒட்டுமொத்தமாக அம்மாவின் மேசைக்கு ஓடினார்கள்.

"அத்தே, சோபாவுக்கு எங்கன பேர் குடுக்கணும்?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இங்கனதான் கண்ணு. வரிசையில வாங்க" என்று எழுத ஆரம்பித்துவிட்டாள். நோட்டில் அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அதில் ஏழு பேருக்கு நரைத்த தலை.

பெரிய மாமா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நேராக வந்தார். "இது செல்லாது. சறுக்கதுக்குத்தான் பேரு. சோபாவுல உக்காரதுக்கெல்லாம் கணக்கு கெடையாது."

"அண்ணே, நீங்க ரெண்டு தடவ போயிட்டு வந்திருக்கீக" என்றாள் அம்மா. "நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

பெரிய மாமா தம்பியைப் பார்த்தார். தம்பி இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பெரிய மாமா பிறகு தரையைப் பார்த்தார்.

"அந்தத் திரும்புத எடத்துல," என்றார், "கொஞ்சம் சொகமாத்தான் இருந்துச்சு."

மூட்டைகள் வேறு கிடங்குக்குப் போயின. வேலு அண்ணாச்சி சோபாவின் காலுக்கு அடியில் இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்தார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. ஸ்கேட்டிங் வகுப்பும் உண்டு. அதில் பதினோரு பேர் இருக்கிறார்கள். கற்றுக்கொடுக்க மதுரையிலிருந்து ஒரு அக்கா வருகிறார். என்னைக் கேட்கவில்லை.

சின்ன மாமா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். எனக்குத்தான் விடிவில்லை. போன தை மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் சோபாவில் உட்கார்ந்திருக்க, நான் காபித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றேன். பெரிய மாமா என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க. மாப்ள, நீங்களும்" என்று இருவரையும் எழுப்பிவிட்டு, சோபாவை இழுத்துச் சுவரோடு சுவராக ஒட்டிப் போட்டு, ஒருமுறை ஆட்டியும் பார்த்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, என்ன விஷயம்?" என்று மாப்பிள்ளையின் அப்பா பதறிப்போய்க் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, நீங்க உக்காருங்க" என்றார் மாமா. "பிள்ள காப்பி கொண்டு வாரா."