ரெட்டைப்பூட்டு யாரையும் நம்பவில்லை

காரைக்காலில் ரெட்டைப்பூட்டு நம்பிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அவர் தன்னையே நம்பியதில்லை.

எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபின் உதவியாளர் அவர். சாயந்தரம் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவார். பிறகு என்னைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்வார். நான் இழுத்ததில் நம்பிக்கை வராமல், தானே இன்னொரு தடவை இழுப்பார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருடம் வெளிநாட்டு மாணவர்களுக்கு பவுண்டேஷன் கோர்ஸ் தொடங்கினார்கள். என்ஜினீயரிங், கம்ப்யூட்டர் படிப்பில் சேரும் முன், கணக்கும் இயற்பியலும் புரோகிராமிங்கும் அடியிலிருந்து சொல்லிக் கொடுக்கிற ஒரு வருடப் படிப்பு. நான் கணக்கு வாத்தியார். முதல் நாளே ரெட்டைப்பூட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

“முடிச்சா பட்டம் உண்டா சார்?”

“கிடையாது. பட்டப்படிப்புக்கு முந்தின படிப்பு.”

“கல்யாணத்துக்கு முந்தி ஒரு கல்யாணமா?”

“நிச்சயதார்த்தம்னு வச்சுக்குங்களேன்.”

“நிச்சயதார்த்தம் ஒரு வருஷம் நடந்தா, மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கணும் சார்.”

மொரீஷியஸ் மாணவன் ஒருவன் ‘வணக்கம்’ சொன்னான். இவனுக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்று ஒரு வாரம் அவன் பின்னாலேயே அலைந்தார். நேபாள மாணவன் மவுஸைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டான். மறுநாளே எல்லா மவுஸுக்கும் நம்பர் எழுதி ஒட்டிவிட்டார்.

தான்சானியாவிலிருந்து வந்த நீமா, முதல் தேர்வில் புரோகிராமிங்கில் பதினோரு மார்க் வாங்கினாள். அடுத்த தேர்வில் தொண்ணூற்றெட்டு. இந்தத் தடவை சந்தேகப்பட்டவர் துறைத் தலைவர். காப்பியடித்தது உறுதியானால் கோர்ஸிலிருந்து நீக்கம். அதோடு விசாவும் போய்விடும். விசாரணை அறையில் அந்தப் பெண் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேர்வன்று லேபில் இருந்தவர் என்பதால் ரெட்டைப்பூட்டைக் கூப்பிட்டார்கள்.

“இந்தப் பொண்ணை நான் நம்பலங்க” என்று ஆரம்பித்தார். நான் பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தேன்.

“அதனாலதான் ரெண்டு மணி நேரமும் அது பின்னாடியே நின்னேன். ஒரு தடவை ஃபேனைப் பாத்துச்சு. நானும் ஃபேனைப் பாத்தேன், ஒண்ணும் எழுதியில்ல. கைக்குட்டையில மூஞ்சி துடைச்சுது. கைக்குட்டையை வாங்கி உதறிப் பாத்தேன். காப்பி அடிக்கலங்க.”

“அப்புறம் எப்படி இவ்வளவு மார்க்?” என்றார் தலைவர்.

“தினம் சாயந்தரம் லேப்ல உக்காந்து பழகுச்சு. கம்ப்யூட்டரைக் கழட்டத்தான் உக்காந்திருக்குன்னு நெனச்சு நானும் உக்காந்திருந்தேன். ரெண்டு மாசமா அம்பகரத்தூர் பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்லதான் வீட்டுக்குப் போறேன்.”

தலைவர் யோசித்தார். ரெட்டைப்பூட்டு தொண்டையைச் செருமினார்.

“என் பேச்சையும் நம்பிட வேணாங்க. இப்பவே வேற கேள்வி கொடுத்துப் பாருங்க.”

கொடுத்தார்கள். நாங்கள் நான்கு பேர் சுற்றி நிற்க, நாற்பது நிமிடத்தில் புரோகிராம் ஓடியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மன்னிச்சுடும்மா” என்றார். நீமா அழுதுகொண்டே ரெட்டைப்பூட்டிடம் நன்றி சொன்னாள். “எதுக்கு நன்றி சொல்லுது சார்? வேற என்னமோ செஞ்சிருக்கு” என்று அன்று முழுக்க லேபைக் குடைந்தார்.

கோர்ஸ் முடிந்து அவளுக்குச் சென்னையில் என்ஜினீயரிங் இடம் கிடைத்தது. பஸ் ஏற்றிவிடப் போனவர், அது சென்னைக்குத்தான் போகிறதா என்று கண்டக்டரைக் கேட்டார். டிரைவரைக் கேட்டார். அப்படியும் மனசு ஆறாமல் கூடவே ஏறி, கோட்டுச்சேரி வரை போய்த்தான் இறங்கினார்.

சாயந்தரம் எனக்கு போன் செய்தார்.

“நீமா போய்ச் சேந்துடுச்சாம் சார். ஆனா குரல் கம்முன மாதிரி இருந்துச்சு. அழுவுதோன்னு ஒரு சந்தேகம். நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்களேன்.”

பேசுகிறேன் என்றேன். அவர் குரலும் கம்மித்தான் இருந்தது. அதை நான் விசாரிக்கவில்லை.