சுவரில் காது வைத்த கேஸ் பாய்

காலை ஏழு பத்து. குளித்துவிட்டு வந்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது, எங்கள் படுக்கையறைச் சுவரில் காதை ஒட்டி நின்ற கேஸ் பாய். அவர் கேஸ் நிரப்ப வந்த ஏசி எதிர்ச்சுவரில் இருந்தது.

காரைக்குடியில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் ஒன்பது வேலைக்குக் கருத்துச் சொல்லும் மனிதர் அவர் ஒருவர்தான். ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் கேஸ் நிரப்புவது தொழில். அதை அரை மணியில் முடித்துவிட்டு, சமையல், வைத்தியம், கட்டடம் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்ட மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஒரு வங்கி மேலாளரிடம் சொன்னாராம்: "ஃபிரிட்ஜுக்கும் உங்க பிரஷருக்கும் ஒரே வியாதிதான் சார். ராத்திரி ஊறுகாய்க்குக் கதவைத் திறக்குறீக."

முன்பு நான் அவரைப் பற்றி நாளிதழில் ஒரு பத்தி எழுதினேன். 'கம்ப்ரஸர் தவிர எல்லாம் அறிந்தவர்' என்பது அதன் கடைசி வரி. ஊர் சிரித்தது. சிலர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். தொழிலில் அவர் குறை வைக்காதவர் என்பது எனக்குத் தெரியும். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதால் வெட்டவில்லை.

என் மனைவி மீனாவுக்கு எட்டு மாதமாக இருமல். டாக்டர் மருந்தை மாற்றினார். பெயிண்டர் சுவரின் கறுப்புத் திட்டின் மேல் இன்னொரு கோட் அடித்தார். ஏசிக்காரர் வடிகட்டியைக் கழுவினார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

"அக்கா எங்குட்டுத் தலை வச்சுப் படுக்குறாக?" என்றார் பாய். அவர் காது வைத்திருந்த சுவரைக் காட்டினேன்.

"இது அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவரு சார், மூச்சு விடும். நீங்க பிளாஸ்டிக் பெயிண்ட்டை அடிச்சு மூக்கைப் பொத்திட்டீக. உள்ள ஈரம், வெளிய ஏசிக் குளிரு. பூஞ்சை பூக்காம என்ன செய்யும்? சுவரு இருமுறதைத்தான் அக்கா இருமுறாக."

நான் சிரித்தேன். மீனா சிரிக்கவில்லை. மறுநாளே ஆள் வைத்துப் பெயிண்ட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசச் சொன்னாள். பூசிய சுண்ணாம்பு காய்ந்து மூன்று வாரத்தில் இருமல் நின்றது.

இருமல் நின்றதைச் சொல்லிவிட்டு வர அவர் கடைக்குப் போனேன். சிலிண்டர்களுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பத்தி. கழற்றிவிடுங்கள் என்றேன்.

"கிடக்கட்டும் சார். எங்க தெருவுல பேப்பர்ல வந்தவன் நான் ஒருத்தன்தான். கடைசி வரியை மட்டும் யாரும் படிக்கிறதில்லை, அது சிலிண்டருக்குப் பின்னால மறையிற உயரத்துல மாட்டியிருக்கேன்."

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, காற்றுப் போக, ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தார்.